முள்ளை முதலில் கடித்தவள் நான்

சுருளி அந்த முள் கடிவாளத்தைச் செய்தித்தாளில் சுற்றி, மீன் வாங்கி வருகிறவன் மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. திராட்சைப் பந்தல் இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் கொட்டகையில் நான் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தேன்.

சுருளி என் கொழுந்தன். காலமாகிவிட்ட என் வீட்டுக்காரரின் தம்பி. ஓடைப்பட்டித் தோட்டம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொது. குதிரை அவனுடையது. ஆனால் அவன் வீட்டில் கட்ட இடமில்லாததால் அது நின்றதும் தின்றதும் என் கொட்டகையில். வாங்கியது அவன், லத்தி அள்ளியது நான்.

"மதினி, கோவிச்சுக்காதீக. இதுக்குத் திமிரு. முள்ளு போட்டாத்தேன் அடங்கும்" என்றான்.

குதிரையின் வாயோரத்தில் நுரை காய்ந்திருந்தது. அதில் ரோஸ் நிறம். முதல் நாள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது பழைய கடிவாளம் நாக்கைக் கிழித்திருந்தது. அந்தக் காயத்துக்கு வைத்தியமாகத்தான் இவன் முள்ளைக் கொண்டுவந்திருந்தான்.

தாளைப் பிரித்துப் பார்த்தேன். வாய்க்குள் போகிற கம்பி முழுக்கச் சின்னச் சின்ன இரும்பு முட்கள். வண்டிக்காரன் கடிவாள வாரை இழுத்தால் அத்தனையும் நாக்கிலும் ஈறிலும் இறங்கும். சட்டப்படி இதைப் போடக் கூடாது. ஆனால் போடுகிறவர்கள் சட்டத்திடம் கேட்டுக்கொண்டா போடுகிறார்கள்?

எனக்கு வந்த கோபத்துக்கு நான் பேசியிருந்தால் அந்த வாரம் முழுக்கப் பேசியிருப்பேன். தொட்டித் தண்ணீரில் அந்தக் கடிவாளத்தைக் கழுவினேன். என் வாயில் வைத்துப் பற்களால் கவ்விக்கொண்டேன். தொங்கிய வாரை எடுத்துச் சுருளியின் கையில் கொடுத்து, இழு என்று சைகை காட்டினேன்.

"என்ன மதினி செய்றீக?"

நான் மறுபடியும் காட்டினேன். இழு.

அவன் பாம்பைத் தொட்டவன் மாதிரி வாரைக் கீழே போட்டான். தலையை லேசாகத் திருப்பியதற்கே என் நாக்கு நுனியில் உப்புக் கரித்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு முள்ளில் துளி ரத்தம். அதை அவனிடம் காட்டிவிட்டுத்தான் வாய் கொப்பளித்தேன்.

"இந்தக் கொட்டகையில இருக்கற எந்த வாய்க்குள்ளயும் இது போகாது" என்றேன்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. பங்குனிக் குதிரைவண்டிப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அதுவரைக்கும் என் இஷ்டப்படி எதையாவது மாட்டிக்கொள்ளலாம். பந்தய ரோட்டில், அத்தனை கூட்டத்தில், கடைசிக் கோட்டில் குதிரை நின்றால் சரி. நிற்காமல் யார் மேலாவது ஏறினால் அவன் ஜெயிலுக்குப் போக முடியாது. கெங்குவார்பட்டிக் குதிரைத் தரகர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நிற்காவிட்டால் அவரிடம் விற்றுவிடுவான். அவர் மலைக்குக் கொண்டுபோய்ச் சுற்றுலாக்காரர்கள் சவாரிக்கு விட்டுவிடுவார். அங்கே முள்தான்.

"சரி" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

வெத்தலை

குதிரைக்கு ஊர் வைத்த பெயர் வெத்தலை. செவலை நிறப் பெட்டை. நெற்றியில் திருநீறு பூசின மாதிரி ஒரு வெள்ளை. ஏற்கெனவே இரண்டு மூன்று கை மாறித்தான் எங்களிடம் வந்தாள். வாயில் கடிவாளம் ஏறிய நிமிடத்திலிருந்து இறங்குகிற வரைக்கும் மென்றுகொண்டே இருப்பாள். கம்பி கடகடவென்று சத்தம் போடும். சின்னமனூர் வெற்றிலைக்குப் பக்கத்தில் வாழ்கிற ஜனங்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

கடிவாளம் இல்லாதபோது அவள் அப்படி மெல்லுவதில்லை. இதை நான் சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை. சும்மா நிற்கிற குதிரையை யார் பார்க்கிறார்கள்? லத்தி அள்ளுகிறவள்தான் பார்க்கிறாள்.

எங்கள் பக்கம் மாடு தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. பந்தய மாடுகளுக்குத் தேன்சிட்டு, பூஞ்சிட்டு என்று ரகம் பிரித்துப் பெயர் வைக்கிற ஊர் இது. மாட்டைப் பற்றி அவர்கள் சொன்னால் நான் கைகட்டிக் கேட்பேன். ஆனால் குதிரையையும் அதே கண்ணால் பார்த்தால் என்ன செய்வது?

நுகத்தில் நிற்கும்போது அசை போடுகிற மாட்டுக்கு வேலையில் மனசு இல்லை என்பது அவர்கள் கணக்கு. அதை அப்படியே வெத்தலை மேல் ஏற்றினார்கள். மெல்லுகிற குதிரை ஓடாது, வாயைக் கட்டு என்றார்கள். முன்பு வைத்திருந்தவர்கள் கயிற்றால் தாடையைச் சுற்றிக் கட்டியே ஓட்டியிருக்கிறார்கள். மூக்கின் மேல் அந்தக் கயிறு உராய்ந்த இடத்தில் இன்றைக்கும் முடி வெள்ளையாகத்தான் முளைக்கிறது. மூக்கணாங்கயிற்றை இழுத்து இழுத்துப் பழகிய கை, கடிவாளத்தையும் கன்னம் சுருங்க மேலே ஏற்றிக் கட்டியது.

குதிரை அசை போடுகிற பிராணியே இல்லை என்று டீக்கடையில் வைத்துச் சொன்னேன். ஒரு பெரிய மனிதர் சிரித்தார். "அப்ப இது எதுக்காக மெல்லுதாம்?" என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி. அவர் அதைப் பதிலாக நினைத்துக் கேட்டார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பல்செட் மகாத்மியம்

எனக்கு அந்தச் சிரிப்பு புதிது இல்லை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் கீழ்வரிசைப் பற்கள் சில விடைபெற்றுக்கொண்டன. தேனிக்குப் போய்ப் பல்செட் கட்டிக்கொண்டேன். மாட்டிய நாளிலிருந்து உள்பக்கம் ஒரே இடத்தில் குத்தியது. நாக்கு சும்மா இருக்குமா? அதைத் தள்ளும், இழுக்கும், நகர்த்தும். நான் இருபத்துநாலு மணி நேரமும் எதையோ மெல்லுகிறவளாக ஆகிப்போனேன். கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்கு முன்பே வெற்றிலை போட்டுவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். வயசானால் வாய் சும்மா இருக்காது என்று சொந்தக்காரி ஒருத்தி என் காது படவே சொன்னாள்.

டாக்டரிடம் போனால் "பழகிடும்மா" என்றார். மறுபடி போனேன். "பழகிடும்." அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டு என் செருப்புக்குப் பழகியது. பல்செட் பழகவில்லை.

கடைசியாக ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சரி செய்தால்தான் எழுந்திருப்பேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, ஒரு நீலத் தாளை வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார். பல்செட்டை எடுத்துப் பார்த்தார். ஒரே ஒரு இடத்தில் நீலம் அழுத்தமாக விழுந்திருந்தது. அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்தார். அன்றைக்கு பஸ்ஸில் ஊர் வந்து சேருகிற வரைக்கும் என் வாய் சும்மா இருந்தது.

முள்ளைக் கடித்த அன்று ராத்திரி எனக்கு இந்த நீலத் தாள் ஞாபகம் வந்தது. குத்துகிறது என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிக்க ஒரு நாற்காலி இருந்தது. அவளுக்கு என்ன இருக்கிறது? மெல்லுவதுதான் இருக்கிறது. அதைத்தான் திமிர் என்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

டியூப்பும் தோலும்

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைத் தோட்டத்துக்கே அழைத்துவந்தேன். அவர் வெத்தலையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பற்களின் ஓரம் கூர்மையாக வளர்ந்திருந்ததை அரத்தால் ராவிவிட்டார். நாக்குப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். ஆறுகிற வரைக்கும் வாயில் எதுவும் போடக் கூடாது, அதற்கப்புறம் எதைப் போட்டாலும் கிள்ளாமல் இருக்க வேண்டும் என்றார். நல்ல மனுஷி. கிள்ளாத கடிவாளம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் அவருக்கும் தெரியவில்லை.

புண் ஆறியது. முதலில் பழைய கம்பி மேலேயே தோல் சுற்றித் தைத்துப் போட்டேன். எச்சிலில் ஊறி நாற்றம் எடுத்தது. வெத்தலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து, சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடுகிற கறுப்பு டியூப்பை வெட்டிக் கம்பியில் மாட்டினேன். மெத்தென்று இருந்தது. அவளுக்குப் பிடித்தே போனது. அவ்வளவு பிடித்துப்போய் ஒரே சவாரியில் அதைத் தின்றுவிட்டாள். மறுநாள் லத்தியில் கறுப்புத் துணுக்குகளைப் பார்த்தேன். குடலில் அடைத்திருந்தால்? அன்று முழுக்க அவள் பின்னாலேயே நடந்தேன். அவள் ஒழுங்காகத் தின்று, ஒழுங்காகப் போட்டு, என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சுருளி சிரித்தான். "சிரி, நல்லாச் சிரி" என்றேன். ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும்.

வாழைமட்டை

நீலத் தாளுக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது வாழைமட்டை. பச்சை மட்டையின் உள்பக்கத்தைக் கட்டை விரல் கனத்துக்கு உருட்டையாகச் செதுக்கினேன். சுருளியைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கடிவாளம் உட்காருகிற இடத்தில் வைத்தேன். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் குதிரைக்குப் பல்லே இல்லாத வெறும் ஈறு இருக்கிறது. கம்பி அங்கேதான் இருக்க வேண்டும். இரண்டு உதட்டோரத்துக்கும் நேராக மட்டையில் கரியால் கோடு போட்டேன். வாழைமட்டை சீக்கிரம் சொல்லிவிடும். விரல் நகம் பட்டாலே கறுத்துவிடுகிற சாதி அது.

எடுத்துப் பார்த்தோம். நடுவில் நாக்கு அழுத்திய அகலமான பள்ளம். எதிர்பார்த்ததைவிடத் தடித்த நாக்கு. அதன் பக்கத்தில் பழைய கடிவாளத்தை வைத்தேன். இரண்டு கரிக்கோட்டுக்கு நடுவில் இருந்த அளவைவிடக் கம்பி குட்டை. யாரோ மட்டக்குதிரைக்குச் செய்ததை இவள் வாயில் திணித்து ஓட்டியிருக்கிறார்கள். அதுவும் நடுவில் ஒரே ஒரு மூட்டு. வாரை இழுத்தால் பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கை நெரிக்கும், மூட்டு மேலண்ணத்தில் போய் முட்டும்.

சுருளி இரண்டையும் கையில் வைத்து மாறி மாறிப் பார்த்தான். "இம்புட்டு நாளும் இதையவா மாட்டிக்கிட்டு இருந்தோம்?" என்றான். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

அடுத்தது எந்த இரும்பு என்கிற பிரச்சினை. பளபளவென்று எவர்சில்வரில் செய்தால்தான் சுத்தம் என்றார்கள். ஆனால் வெத்தலை தினமும் காலையில் தோட்டத்து கேட்டை நக்குவதை நான் பார்த்திருக்கிறேன். பனி இறங்கித் துருவேறின பழைய கேட். அதை நக்கிவிட்டுச் சப்புக்கொட்டிக்கொண்டு நிற்பாள். பக்கத்திலேயே புதிதாகப் போட்ட எவர்சில்வர்க் குழாய் இருக்கிறது. அதன் பக்கம் மூக்கைக்கூடக் கொண்டுபோக மாட்டாள். சாப்பிடுகிறவளுக்குப் பிடித்த பாத்திரத்தில்தானே பரிமாற வேண்டும்?

உத்தமபாளையம் போகிற ரோட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்த பையன் வாழைமட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு எப்படி வேண்டும் என்று சொன்னேன். நடுவில் மொச்சைக்கொட்டை மாதிரி வழவழப்பான ஒரு சின்ன வில்லை. அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டு. கம்பி நாக்கின் வளைவுக்கு லேசாக வளைந்திருக்க வேண்டும். உதட்டை இடிக்காமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டும். வெறும் இரும்பில், பாலிஷ் இல்லாமல்.

"துருப் பிடிக்குமேக்கா."

"பிடிக்கட்டும்."

"பாக்கறவுக என்னையத் திட்டுவாகக்கா."

"என் பேரைச் சொல்லு" என்றேன்.

வாய் நின்ற நாள்

புதுக் கடிவாளத்தைக் கன்னத்தில் ஒரே ஒரு சுருக்கம் விழுகிற அளவுக்கு மட்டும் தளர்த்திக் கட்டினேன். வெத்தலை வழக்கம் போல ஆரம்பித்தாள். கடகட. நாக்கால் தள்ளினாள், தேடினாள், எங்கே குத்தும் என்று காத்திருந்தாள். குத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது. அப்புறம் தலையைத் தாழ்த்தி, மெதுவாக, மிட்டாய் சப்புகிற மாதிரி வாயை அசைத்தாள். உதட்டில் நுரை வந்தது. வெள்ளை நுரை.

அடியோடு நிற்கவில்லை. அதை நான் இங்கே மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு வாய் வலியில் மெல்லுவதும் நிம்மதியில் மெல்லுவதும் எனக்குத் தெரியும். இரண்டையும் நானே மென்றிருக்கிறேன்.

சுருளி தினமும் பந்தல் ஓரத்து மண்பாதையில் ஓட்டிப் பழக்கினான். வாரைச் சுண்டாதே என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். கையில் பட்டம் இருப்பதாக நினைத்துக்கொள், அறுத்துவிடாதே என்பேன். மாட்டுக் கை பழக நாளாயிற்று. குதிரை அவனைவிடச் சீக்கிரம் பழகிவிட்டது.

கோடு

பந்தயம் அனுமந்தன்பட்டிப் பக்கம். கிளம்புகிறபோது சுருளி வண்டி இருக்கைக்கு அடியில் எதையோ செருகினான். செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"ஒரு தைரியத்துக்கு மதினி" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. வாரைப் பிடிக்கப் போகிறவன் அவன். என் கண்ணுக்குப் பயந்து போடாமல் இருந்தால் அது எத்தனை நாளைக்கு? "கொண்டு போ" என்று மட்டும் சொன்னேன்.

புறப்படுகிற இடத்தில் மற்ற வண்டிக்காரர்கள் வெத்தலையின் வாயை எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். துருக்கம்பி, தொளதொளவென்று கட்டியிருக்கிறார்கள் என்றார்கள். கூட்டத்தில் இது யார் மேலாவது பாயப் போகிறது, முள் இருந்தால் இப்போதே மாட்டு என்று ஒருவர் சுருளியின் தோளைத் தொட்டுச் சொன்னார். சுருளி இருக்கைக்கு அடியில் ஒரு தடவை பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான்.

நான் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டேன். போன வண்டிகள் திரும்பி வருகிற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிற்காவிட்டால், அங்கே நிற்கிற ஜனங்களில் யாருக்கு என்ன ஆனாலும் அது என் வீம்பால் ஆனது. அந்தப் பயத்தை நான் மறக்கவில்லை. ஆனாலும் முள் போட்டிருக்கலாம் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

முதலில் ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. ஓட்டுகிறவர் பின்னால் சாய்ந்து முழு பலத்தோடு இழுக்க இழுக்க அது இன்னும் வேகமாக ஓடியது. வாயிலிருந்து சிவப்பு நுரை பறந்தது. அது எங்கே ஓடும்? வலியைவிட்டுத்தானே ஓடும்? வலி வாயிலேயே இருந்தால் எவ்வளவு தூரம் ஓடினால் போதும்? ஜனங்கள் சிதறினார்கள். டீக்கடை பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. எப்படியோ நாலைந்து பேர் தொங்கிப் பிடித்து நிறுத்தினார்கள்.

எங்கள் வண்டி நடுவில் எங்கோ வந்தது. முதல் வரிசையில் இல்லை. வெத்தலையின் காதுகள் முன்னால் இருந்தன. கோட்டைத் தாண்டியதும் சுருளி நாக்கைத் தட்டி அவளைக் கூப்பிட்டான். வாரை ஒரு தரம் பிடித்து, உடனே விட்டான். அவள் ஓட்டத்திலிருந்து நடைக்கு வந்தாள். கவிழ்ந்து கிடந்த பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். நின்று, வாயை மெதுவாக அசைத்தாள்.

நான் சுவரிலிருந்து இறங்கி அவளை நோக்கி நடந்தேன்.

கெங்குவார்பட்டித் தரகர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் போன். நான் கூட்டத்தை விலக்கிப் போய்ச் சேருவதற்குள் அவர் சுருளியிடம் பேச ஆரம்பித்திருந்தார். பரிசு இல்லாத குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். முள் போட்டிருந்தால் முதலில் வந்திருக்கும் என்றார். பாருங்கள், இன்னும் மெல்லுகிறது, நான் மேலே கொண்டுபோய் ஒரே வாரத்தில் அடக்கிக் காட்டுகிறேன் என்றார்.

சுருளி விரலை வெத்தலையின் வாய்க்குள் விட்டு நுரையை வழித்துப் பார்த்தான். வெள்ளை. வேட்டியில் துடைத்துக்கொண்டான். இருக்கைக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தாளைப் பிரித்தான். முள் கம்பியைத் தரகர் கையில் வைத்தான். அதன் வாரைத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"எங்க மதினி இதைய வாயில வச்சுப் பாத்துட்டாக. இப்ப நீங்க வைங்கண்ணே. வாரை நான் புடிச்சுக்கறேன்."

தரகர் சிரித்தார். சுற்றியிருந்த யாரும் சிரிக்கவில்லை. சுருளி வாரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி காத்திருந்தான். தரகர் கம்பியை வண்டி இருக்கையில் வைத்துவிட்டு, போன் வருகிறது என்றார். போன் எதுவும் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிறபோது நான் வண்டியில் சுருளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச தூரம் வந்த பிறகு, "இன்னும் மெல்லுறா மதினி" என்றான்.

"மெல்லட்டும்" என்றேன்.